தாராவிச் சிறுமியரும் கணினிக் கல்வியும்

மும்பை மாநகரில் மாதுங்காவை அடுத்துள்ளது தாராவி. தோல் பதனிடுவோர், குயவர், தையற்காரர் முதலிய தொழிலாளரும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழரும் நெருங்கி வாழும் இடம். பல சந்துகளில் குழாய் நீர் நாளொன்றுக்குச் சில மணி நேரமே வரும். குடத்துடன் வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்மக்களின் கடமையாகிவிட்டது. பள்ளி செல்லும் வேளையும் அதிலேயே கழிந்துவிடுவதுண்டு.

இப்பகுதியைப் பற்றிச் செய்திப்படம் எடுத்த நவநீத் ரஞ்சன் என்பார், 2014ஆம் ஆண்டில் இங்குள்ள நயா நகரில் 'தாராவி டைரி' என்னும் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். அங்குப் பயின்ற சிறுமியர் கைப்பேசிச் செயலிகளை அமைக்கக் கற்றனர். பயிற்சிக்கென அவர்கள் எடுத்துக்கொண்டவை தங்கள் தெருவின் இடர்களே. ஒரு செயலி தண்ணீர் வரிசையைப் பற்றியது: குடும்பத்தார் பெயரைப் பதிந்துகொண்டால், முறை வரும்போது கைப்பேசியில் அறிவிப்புக் கிட்டும். மற்றொன்று, ஆபத்தில் சிக்கிய பெண் எச்சரிக்கை ஒலி எழுப்பவும், தான் இருக்கும் இடத்தை வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கவும் உதவுவது.

இதற்குப் பயன்பட்ட கருவி 'ஆப் இன்வென்டர்'. 2010இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட இதனை, 2012 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் நடத்தி வருகிறது. கணினி மொழியில் ஓர் அரைப்புள்ளி பிழைத்தாலும் நிரல் முழுவதும் நின்றுவிடக்கூடும். புதிதாகக் கற்பவர் மனமுடைந்து விலகுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இக்கருவியிலோ கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றுகின்றன. 'பொத்தானை அழுத்தும்போது' என்ற கட்டையின் வாய்க்குள் 'செய்தி அனுப்புக' என்ற கட்டையைப் பொருத்துதல் வேண்டும். பொருந்தாதவை இணையமாட்டா. ஆகவே எழுத்துப் பிழைக்கு இடமில்லை. எண்ணப் பிழைக்கு மட்டும் இடமுண்டு. ஒரே குடும்பம் இருமுறை பெயர் பதிந்தால் என் செய்வது? முறை வந்தும் ஆள் வராவிடில் அடுத்தவரை எப்போது அழைப்பது? வரிசையில் நின்று பழகிய சிறுமிக்கு இவ்வினாக்களை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமது பாடநூல்களில் காணும் 'இரண்டு எண்களைக் கூட்டுக' என்னும் பயிற்சி இத்தகைய வினா எதனையும் எழுப்புவதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

செயலியால் குழாயில் ஒரு துளி நீரும் கூடிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பேசி இல்லாத வீட்டார் வரிசையில் பின்தள்ளப்படாமல் இருக்க, குழாயடியில் உள்ளோரின் உடன்பாடும் தேவை.

இணைய வசதியுள்ள ஒரு கணினி இருப்பின் இப்பயிற்சியைத் தொடங்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றும் இருப்பின், கட்டையை மாற்றிய மறுகணமே அதன் விளைவை மாணவர் கையிற் காணலாம். இல்லையெனில் கணினித் திரையிலேயே கைப்பேசி போன்ற உருவை வரவழைத்துச் சோதிக்கவும் வழியுண்டு.