ரத்தக் குழாயைச் சுற்றிய கட்டி

“ரத்தக் குழாயோட ஒட்டிக்கிச்சாமுங்க. அப்பக் காலையே எடுத்துருவாங்களா?”

மல்லசமுத்திரத்துக்குப் பருத்தி ஏலத்துக்கு வந்திருந்த பெரியவர் டீயைக் குடிக்காமலே கேட்டார். தங்கச்சி மகனுக்குத் தொடையில் கட்டி. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்த ஒரு வரியை யாரோ படித்துச் சொன்னதிலிருந்து வீட்டில் அடுப்புச் சரியாக எரியவில்லையாம்.

அந்த வரியை மட்டும் வைத்து இப்போது யாரும் காலை எடுப்பதில்லைங்க என்றேன்.

தொடையின் உள்பக்கமாக ஒரு தமனி இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் போய்க் கிளை பிரிகிறது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய வழி அதுதான். அதை ஒட்டியே, ரத்தத்தை மேலே திருப்பிக் கொண்டுவரும் சிரை. எலும்பிலோ தசையிலோ கொழுப்பிலோ கிளம்பும் சார்கோமா என்ற புற்று பெருத்தால் இந்த இரண்டையும் ஓரமாகத் தள்ளும். தள்ளிக்கொண்டு மட்டும் நின்றால், தமனியின் வெளியுறையைக் கட்டியோடு சேர்த்து உரித்தெடுத்துவிட்டுத் தமனியைக் காப்பாற்றிவிடலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான். சுற்றி வளைத்துவிட்டால்தான் சங்கடம். கட்டியைக் கத்தியால் திறந்துவிடவே கூடாது. அதனால் தமனித் துண்டையும் உள்ளே வைத்தே ஒரே பிண்டமாக எடுக்கிறார்கள்.

“அத்தனையும் எடுத்துட்டா ரத்தம் எப்படிங்க கீழ போகும்?”

அதற்கு மாற்றுக் குழாய் இன்னொரு காலிலிருந்து வரும். கணுக்கால் முன்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஒரு நீளமான சிரை ஓடுகிறது. பைபாஸ் இதய அறுவைக்கு எடுப்பார்களே, அதே சிரை. நோயுள்ள காலில் அதைத் தொடமாட்டார்கள். உள்ளே பெரிய சிரையும் போய்விட்டால், ரத்தம் மேலேறுவதற்கு அந்தக் காலில் மிஞ்சும் நல்ல வழி இதுதான்.

எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்துவார்கள். கிணத்து மோட்டார்க் குழாயில் ஃபுட் வால்வு இருக்கிறதல்லவா, தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது? சிரைக்குள்ளும் வரிசையாக அப்படித்தான். திருப்பாமல் தைத்தால் ஒவ்வொரு வால்வும் பாதத்துக்குப் போகிற ரத்தத்தை மறித்து நிற்கும். பாரிஸில் ழான் குன்லின் 1948இல் கால் தமனி அடைத்துப்போன நோயாளிக்கு இந்தச் சிரையை வைத்து மாற்றுப்பாதை போட்டார். அங்கே பழகிய கைதான் பின்னாளில் புற்று அறுவைக்கும் வந்தது.

தைப்பது லேசான காரியமில்லை. பிரான்சின் லியோன் நகரத்து அலெக்சிஸ் கரேல், மெல்லிய ஊசியில் நூலோட்ட எம்பிராய்டரி போடும் ஒரு பெண்மணியிடம் பயிற்சி எடுத்துக்கொண்டவர். ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு. இன்றைய நூல் தலைமயிர்த் தடிமன்தான். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டும். ரத்தமில்லாமல் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் தசை மீளாமல் போகலாம்.

பொருத்தமான சிரை இல்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் உண்டு. அதில் ஒரு வகை பாலியஸ்டர் நூலில் நெய்தது. திருச்செங்கோட்டுப் பக்கத் தறிக்காரர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் கதிர்வீச்சு வாங்கிய புண்ணில் கிருமி தொற்றினால் அந்தக் குழாயைக் காப்பது கஷ்டம். பக்கத்துத் தசை ஒன்றைத் திருப்பிக் குழாய்க்கு மேல் போர்த்துவதும் அந்தப் பயத்தினால்தான்.

“காலை விட்டுவெச்சா உசுருக்கு ஆபத்துன்னு சொல்றாங்களே?”

நியாயமான கேள்வி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 43 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 16 பேருக்குக் கை அல்லது கால் அகற்றம். 27 பேருக்கு உறுப்பை வைத்துக்கொண்டு கட்டி நீக்கம், அதோடு கதிர்வீச்சு. 1982இல் முடிவு வந்தது: அதே இடத்தில் கட்டி திரும்புவது உறுப்பு காத்தவர்களில் கொஞ்சம் கூடுதல், உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. எலும்புப் புற்றுக்கு நம் சென்னையிலேயே, எடுத்த எலும்புக்குப் பதில் ஆளுக்கு அளவெடுத்துச் செய்த உலோக எலும்பும் மூட்டும் பொருத்தியவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

தமனிக்கு மாற்று இருக்கிறது. பாதத்துக்கு உணர்வும் அசைவும் கொடுக்கும் பெரிய நரம்புகளும் கூடவே போய், மூடுவதற்குத் தோலும் தசையும் மிஞ்சாத இடத்தில்தான் காலை எடுப்பது மேல் என்று மருத்துவர் சொல்வார். அப்போது அதுவும் நல்ல வைத்தியம்தான். காத்த காலிலும் வீக்கம் இருக்கும். சிரையையும் மாற்றித் தைப்பதா, விட்டுவிடுவதா என்பதில் அறுவை நிபுணர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தைத்தது அடைத்துப் போவதும் உண்டு. இறுக்கமான காலுறை போட்டுச் சமாளிக்க வேண்டும். இந்தப் புற்று நுரையீரலுக்குப் போகக்கூடியது என்பதால் மார்பு ஸ்கேன் வருடக் கணக்கில் தொடரும்.

“சதை எடுத்துப் பாக்கோணுமுன்னு, பக்கத்து ஆஸ்பத்திரியில நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இங்கேதான். சதைப் பரிசோதனை அவசியம். முறையாகச் செய்தாலும் அதனால் புற்று பரவிவிடும் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். ஆனால் எங்கே குத்துவது என்பதைப் பின்னால் அறுவை செய்யப்போகிறவர் தீர்மானிக்க வேண்டும். ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். தவறான பக்கம் கீறி ரத்தம் கசிந்தால், அதோடு புற்று அணுக்களும் தமனி ஓரமாகப் பரவலாம். தள்ளி மட்டும் வைத்திருந்த கட்டிக்கும் அப்புறம் தமனியை எடுக்க வேண்டிவரும். எண்ணெய் போட்டு நீவிவிடும் வைத்தியமும் வேண்டாம் என்றேன்.

நாளைக்கு அங்கே போக வேண்டாம், எம்.ஆர்.ஐ. பதிவுத் தகட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு, சார்கோமா பார்க்கும் புற்றுநோய்ப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே பையனைக் கூட்டிப் போங்க, சதை எடுப்பதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்க என்றேன். பெரியவர் அங்கிருந்தே தங்கச்சிக்கு போன் போட்டார்.