பழைய பொறிக்கு மறுபிறவி

1984-ல் 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது 'பி.பி.சி. மைக்ரோ' கணிப்பொறி. அதன் நினைவகம் 32 கிலோபைட்தான்!

இத்தகைய சிறு பொறிகளில் வண்ணப்படங்களை இசையோடு ஆட வைக்கும் புரோகிராம்களே 'டெமோ'க்கள். பொறி பழுதானால் டெமோவும் மறைந்துவிடுமா? இல்லை. 'எமுலேட்டர்' என்னும் புரோகிராம், இன்றைய கணிப்பொறியைப் பழைய பொறியாகவே நடிக்க வைக்கிறது.

அந்த நடிப்பு எளிதன்று. பி.பி.சி. மைக்ரோவின் கடிகாரம் வினாடிக்கு 20 லட்சம் முறை துடிக்கும். திரையில் ஒரு வரி ஓடி முடிய 128 துடிப்புகள். வரியின் நடுவிலேயே நிறத்தை மாற்றும் டெமோக்களும் உண்டு. எமுலேட்டர் ஒரு துடிப்புப் பிசகினாலும் படம் சிதையக்கூடும்.

ராஜா அண்ணாமலைபுரமோ, ராமநாதபுரமோ, உங்கள் பள்ளி அலமாரியில் பழைய பிளாப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் காந்தப்பதிவு மங்குமுன் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பொறி போனாலும் புரோகிராம் பிழைக்கும்!