ஒரே பிள்ளையும் சிசேரியனும்

சீனாவில் 1980 முதல் 2015 வரை பலருக்கு ஒரே குழந்தைதான் என்பது அரசு விதி. "அடுத்த பிரசவமே இல்லை, வலி எதற்கு?" என்று பலர் சிசேரியனைக் கேட்டு வாங்கினார்கள். 2014இல் நூற்றுக்குச் சுமார் 35 பிரசவங்கள் சிசேரியன்தான்.

2016இல் இரண்டாவது குழந்தைக்கு அனுமதி வந்தபோது பழைய தையல் முக்கியமாயிற்று. அந்தத் தழும்பின்மேல் நஞ்சு ஒட்டி வளர்ந்தால் கடும் உதிரப்போக்கு ஏற்படலாம். (தண்டவாளத்திலும் வெல்டு வைத்த இடத்தைத்தான் நாங்கள் கூடுதலாகச் சோதிப்போம்.)

தமிழ்நாட்டில் அப்படிச் சட்டமில்லை; இரண்டோடு நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. 2019-21 கணக்கெடுப்பில் அங்கே சிசேரியன் நூற்றுக்கு 45. உயிர் காக்கும் ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. மகளுக்குச் செய்தபோது நான் வாயே திறக்கவில்லை. மருமகளின் முறை வந்தபோது, "இப்போது அவசியமா? அடுத்த பிரசவத்துக்கு என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.