சோம் தம்: கூடலூர் உரல்ல ஒரு தாய்லாந்து சாலட்

ஒர்க் ஃப்ரம் ஹோம்ங்கிறதால இப்ப கூடலூர்ல, எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். போன ஞாயித்துக்கிழமை கொல்லையில ஒரு பப்பாளிக்காய் பறிச்சுட்டு வந்தேன். அம்மா வாசல்லயே மறிச்சுட்டாங்க. "மாசமா இருக்கிறவ வீட்டுல இருக்கா, இதை எதுக்குடா உள்ள கொண்டு வர்ற?" வளைகாப்பு முடிஞ்சு அக்கா இங்கதான் இருக்கா.

நான் செய்ய நினைச்சது சோம் தம். தாய்லாந்து மொழியில 'சோம்'னா புளிப்பு, 'தம்'னா இடிக்கிறது. ஈசான்னு சொல்ற வடகிழக்கு தாய்லாந்துல இது தினசரிச் சாப்பாடு. பேர்ல பப்பாளியே இல்லை, கவனிச்சீங்களா? பப்பாளி, மிளகாய் ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து அங்க போனதுதான்.

ரெண்டு பேருக்கு அளவு சொல்றேன். காய் கெட்டியா, உள்ள வெள்ளையா இருக்கணும். பால் பட்டா சிலருக்கு அரிக்கும், அதனால கையில எண்ணெய் தடவிட்டு தோல் சீவிக் கழுவுங்க. கத்தியால நீளவாக்குல நெருக்கமா கொத்திட்டு மேலாக்க சீவினா குச்சி குச்சியா விழும். பத்து நிமிஷம் குளிர்ந்த தண்ணியில போட்டு வடிச்சா மொறுமொறுப்பா இருக்கும்.

உரல்ல முதல்ல பூண்டு 3 பல், காந்தாரி மிளகாய் 3. அடுத்து தூளாக்கின கருப்பட்டி 1 மேசைக்கரண்டி. அப்புறம் நறுக்கின தட்டாங்காய், ஒரு தக்காளி, ஒரு கரண்டி காய்ஞ்ச கூனி. எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒன்றரை. மீன் சாஸ்ங்கிறது நெத்திலியை உப்புல மாசக்கணக்கா ஊற வச்சு வடிச்ச சாறு. கிடைக்கலைன்னா உப்பு போட்டு, கூனியைக் கூட்டிக்கோங்க. கடைசியா ரெண்டு கைப்பிடி காய், வறுத்த நிலக்கடலை.

முதல் தடவை கல் குழவியால இடிச்சேன். துவையலாப் போச்சு! அங்க சோம் தம்முக்கு மண் உரல், மர உலக்கை. நான் பருப்பு மத்துக்கு மாறினேன். ஒரு கையால மெதுவா தட்டணும், இன்னொரு கையில கரண்டி வச்சு அடியில இருக்கிறதை மேல புரட்டணும். காய் லேசா நசுங்கினா போதும், புளிப்பும் உப்பும் உள்ள இறங்கிடும்.

சரி, அம்மா சொன்னது மூடநம்பிக்கையா? இல்லை. மட்டன் சீக்கிரம் வேக பப்பாளிக்காய் போடுறோமே, அந்த வேலையைச் செய்யிற பப்பெயின் இருக்கிறது இந்தப் பால்லதான். 2002ல வெளிவந்த ஒரு ஆய்வுல, இந்தப் பால் எலிகளோட கருப்பைத் தசையைச் சுருங்க வச்சுது. நல்லா பழுத்த பழத்துக்கு அந்த விளைவு தெரியலை. எலிக்கு நடந்தது மனுஷருக்கும் அப்படியே நடக்கும்னு இல்லை. ஆனா ஒரு சாலட்டுக்காக அக்காவை வச்சு டெஸ்ட் பண்ண முடியாதே.

அதுக்கும் தாய்லாந்துலயே வழி இருக்கு. வெள்ளரிக்காயை இதே மாதிரி இடிச்சா அது 'தம் தேங்'. உரலைக் கழுவிட்டு, அக்காவுக்கு அதைத்தான் செஞ்சேன், மிளகாய் ஒண்ணு மட்டும் போட்டு. அம்மா ஒரு வாய் வாங்கிப் பார்த்துட்டு, "கருப்பட்டி கூடிப்போச்சு"ன்னாங்க. ஆனா கிண்ணம் திரும்பி வரலை.

செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க மக்களே. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.