வழிபாட்டுக்கு ஒரே வினை: திருவெளிப்பாட்டு நூலும் உரோமைப் பேரரசர் வழிபாடும்

புதிய ஏற்பாட்டின் இறுதி நூல் கத்தோலிக்கர் வழக்கில் ‘திருவெளிப்பாடு’ என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் வழக்கில் ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் பெயர் பெறும். அதன் கிரேக்க மூலத்தில் ‘புரொஸ்குனெயின்’ என்னும் வினை 24 இடங்களில் வருகிறது. அவற்றுள் 10 இடங்களில் வழிபடப்படுபவர், நேராகவோ குறிப்பாகவோ, கடவுள். வேறு 10 இடங்களில் வழிபடப்படுவன கடலிலிருந்து எழும் விலங்கும், அதன் உருவமும், அதற்கு அதிகாரம் அளித்த பாம்பும் ஆகும். எஞ்சிய நான்கனுள் ஒன்று பேய்களையும் சிலைகளையும், இரண்டு வானதூதரையும், ஒன்று பிலதெல்பியா நகரச் சபையையும் சார்ந்து வருகின்றன. பத்துக்குப் பத்து என்னும் இச்சமநிலை தற்செயலாகவும் அமைந்திருக்கலாம். இரு தரப்புக்கும் ஒரே வினை ஆளப்பட்டிருப்பது தற்செயல் அன்று.

இந்நூல் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், தொமித்தியன் ஆட்சிக்காலத்தில் (81-96) எழுந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. நூல் முன்னிலைப்படுத்தும் ஏழு சபைகளும் உரோமையின் ஆசிய மாநிலத்தில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், இருந்தவை. அம்மாநிலமே பேரரசர் வழிபாட்டின் விளைநிலம். கி.மு. 29-இல் பெர்கமு நகரில் உரோமைத் தெய்வத்துக்கும் அகுஸ்துஸுக்கும் கோயில் எடுக்க இசைவு அளிக்கப்பட்டது. அங்கு அப்பேரரசரைப் புகழ்ந்து பாடுவதற்கென்றே ஒரு பாடகர் குழுவும் அமைந்தது. கி.பி. 26-இல் திபேரியுவுக்குக் கோயில் எடுக்கும் உரிமைக்காகப் பதினொரு நகரங்கள் உரோமை ஆட்சி மன்றத்தின் முன் வழக்காடின, சிமிர்னா வென்றது. எபேசு நகரில் 89-90 அளவில் பேரரசர் குடும்பத்துக்கு ஒரு கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது. தொமித்தியன் 96-இல் கொலையுண்டபின் அதன் கல்வெட்டுகளிலிருந்து அவன் பெயர் செதுக்கி நீக்கப்பட்டது. பெர்கமு, சிமிர்னா, எபேசு ஆகிய மூன்றும் ஏழு சபைகளின் ஊர்களுள் அடங்கும்.

இவ்வழிபாடு மேலிருந்து திணிக்கப்பட்டதைவிட நகரங்கள் போட்டியிட்டுக் கேட்டுப் பெற்றதே மிகுதி என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன. தொமித்தியன் பேரரசு முழுவதும் கிறித்தவர்களைத் துன்புறுத்தினான் என்னும் பழைய கருத்தை அண்மைக்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. நூலாசிரியர் எதிர்கொண்டது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் இயல்பான நடத்தையையே எனலாம்: திருவிழா, பலி, தூபம், பாட்டு. கட்டாயம் பின்னரும் வந்தது. 112-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்டை மாநிலமான பித்தினியாவில் ஆளுநர் பிளினி, குற்றம் சாட்டப்பட்டோர் திராயான் உருவத்தின் முன் தூபமும் மதுவும் படைக்கிறார்களா என்று சோதித்ததாகப் பேரரசருக்கு எழுதிய மடலில் குறிப்பிடுகிறார்.

மொழியியலார்க்குச் சுவை தருவது இவ்வழிபாட்டின் சொற்றொகுதி. இலத்தீன் மொழி ‘தேயுஸ்’ என்னும் சொல்லால் தெய்வத்தையும், ‘தீவுஸ்’ என்னும் சொல்லால் இறந்தபின் தெய்வநிலைக்கு உயர்த்தப்பட்ட பேரரசரையும் வேறுபடுத்தியது. கிரேக்கத்துக்கு வந்தபோது இரண்டும் ‘தெயோஸ்’ ஆயின. ‘தீவுஸின் மகன்’ என்ற அகுஸ்துஸின் பட்டம் கிரேக்கக் கல்வெட்டுகளில் ‘தெய்வ மகன்’ என்று நின்றது. ‘அகுஸ்துஸ்’ என்னும் பட்டமும் ‘வழிபடத்தக்கவர்’ என்று பொருள்படும் ‘செபஸ்தோஸ்’ ஆயிற்று. உரோமையில் சட்ட நுணுக்கமாக இருந்த ஒன்றை மொழிபெயர்ப்பு அழித்துவிட்டது என்று கூறினும் மிகையாகாது. கி.மு. 9-ஐச் சேர்ந்த பிரியேனேக் கல்வெட்டு அகுஸ்துஸின் பிறந்தநாளை ஆண்டின் தொடக்கமாக அறிவிக்கிறது. அவனை மீட்பன் என்றும், அவன் பிறப்பை நற்செய்திகளின் தொடக்கம் என்றும் அது பேசுகிறது. அங்கு வரும் ‘எவாங்கெலியா’ பன்மை. திருச்சபையின் சொல் அதன் ஒருமை.

திருவெளிப்பாட்டு நூல் இச்சொற்றொகுதியை விலக்கவில்லை. எடுத்து இடம் மாற்றுகிறது. ‘எவாங்கெலியோன்’ இந்நூலில் ஒரே ஓரிடத்தில்தான் (14:6) வருகிறது. அடுத்த வசனம் கடவுளை வழிபடுமாறு ஏவுகிறது. அதற்கு இரண்டு வசனம் கழித்து (14:9) விலங்கை வழிபடுவோர்க்கு எச்சரிக்கை. இரண்டிலும் வினை புரொஸ்குனெயின். எபேசு நகரத்தானின் மண்டியிடும் செயல் ஒன்றே. அது யார்முன் என்பதே வழக்கு. செயல் ஒன்றாக இருப்பதால்தான் தேர்வு கட்டாயமாகிறது.

தமிழில் நெடுங்காலமாகப் பெருவழக்கில் உள்ளது, 19ஆம் நூற்றாண்டில் என்றி பவர் தலைமையிலான குழு திருத்தி அமைத்த மொழிபெயர்ப்பு. அதில் 14:7-இல் ‘தொழுதுகொள்’, 14:9-இல் ‘வணங்கு’. 13ஆம் அதிகாரம் முழுவதிலும் விலங்குக்கு ‘வணங்கு’. 4:10, 7:11, 11:16, 15:4 ஆகியவற்றில் கடவுளுக்குத் ‘தொழுதுகொள்’. இப்பகிர்வு ஒழுங்கானது. இதே போக்கு ‘கூரியோஸ்’ என்னும் சொல்லிலும் உண்டு. கடவுளுக்கும் இயேசுவுக்கும் அது ‘கர்த்தர்’ என வர, திருத்தூதர் பணிகள் 25:26-இல் ஆளுநன் பெஸ்து பேரரசனை அதே சொல்லால் சுட்டும்போது ‘ஆண்டவன்’ ஆகிறது. கிரேக்கம் ஒரு சொல்லை வைத்துப் போரிட்ட இடத்தில், தமிழ் இரு சொற்களைத் தந்து சமாதானம் செய்துவைத்திருக்கிறது.

இதனைப் பிழை என ஒதுக்குவது எளிது, நேர்மையன்று. பொதுவழிபாட்டில் வாய்விட்டு வாசிக்கப்படும் நூலில் கடவுளுக்கெனத் தனிச்சொல் வேண்டும் என்பது பொருளுள்ள கோரிக்கை. ஆயின் ‘தொழு’ என்பது தமிழில் தெய்வத்துக்கு மட்டும் உரிய வினையாக இருந்ததில்லை. திருக்குறளில் மனைவியால் தொழப்படுபவன் கணவன். வேற்றுமை தமிழின் இயல்பில் இல்லை. மொழிபெயர்ப்பு வழக்கில் உருவாக்கப்பட்டது. தமிழின் இயல்பு உண்மையில் மூலத்துக்கு நெருக்கமானது. ‘கோயில்’ அரசன் இல்லமாகவும் இருந்தது, ‘இறை’ என்பது ‘இறைமாட்சி’யில் அரசனைச் சுட்டும், ‘ஆண்டவர்’ ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. வடசொல்லாகிய ‘கர்த்தர்’ செய்பவரைக் குறிப்பது. அதில் ஆட்சிப் பொருள் முன்னிற்பதில்லை. ஆகவே பேரரசனும் கடவுளும் ஒரே பட்டத்துக்குப் போட்டியிடுவதை உணர்த்தும் வளம் ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் கூடுதல். பயன்படுத்தப்படாமல் இருக்கிறது, அவ்வளவே.

ஒரு கிரேக்கச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் என்னும் விதி இதற்குத் தீர்வாகாது. மத்தேயு 18:26-இல் கடன்பட்ட பணியாள் தன் தலைவன்முன் விழும்போது அவ்வினைக்கு ‘வணங்கு’ என்பதே பொருந்தும். அங்கு தெய்வப் போட்டி இல்லை. ஒருமைப்பாடு ஒரு நூலின் எல்லைக்குள், அந்நூலின் வாதம் அச்சொல்லின் மீது நிற்கும்போது மட்டுமே வேண்டப்படுவது. திருவெளிப்பாட்டுக்கு ‘வணங்கு’ என்பதையே இரு தரப்புக்கும் கொள்வது ஏற்புடையது. அது அரசனுக்கும் ஆசானுக்கும் தெய்வத்துக்கும் ஒருசேர வழங்கும் சொல்.

இம்மாற்றத்தின் பயன் 19:10-இல் தெளிவாகத் தெரியும். காட்சி காண்பவரே வானதூதரின் காலில் விழுகிறார். தூதர் தடுத்து, கடவுளிடம் திருப்புகிறார். மூலத்தில் தடுக்கப்பட்டதும் ஏவப்பட்டதும் ஒரே வினை. பழைய மொழிபெயர்ப்பில் அவர் வணங்க முற்படுகிறார், தொழுதுகொள்ளுமாறு ஏவப்படுகிறார். தூதர் அவருக்கு வேறொரு செயலைக் கற்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. 22:8-9-இலும் இதே நிலை. தொல்லை தருவது 3:9. அங்குப் பகைவர் பிலதெல்பியாச் சபையின் பாதங்களுக்கு முன் வந்து செய்யும் செயலுக்கும் புரொஸ்குனெயினே வினை. பழைய மொழிபெயர்ப்பாளர் அதனைப் ‘பணிந்து’ என மூன்றாவதொரு சொல்லால் கடந்தனர். மனிதர் காலடியில் வழிபாட்டு வினை நிற்பதை அவர்கள் விரும்பவில்லை போலும். ஏசாயா 60:14-இன் எதிரொலி அவ்வரியில் கேட்கிறது. அங்குச் சீயோன் நகரை ஒடுக்கியோரின் மக்களே அவள் அடிகளில் விழுபவர்.