இறப்பர் வித்தெண்ணெயும் லயத்து அடுப்பும்



கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் வித்து உதிரும் காலத்தில் நடந்து சென்றவர்களுக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமாயிருக்கும். தலைக்கு மேலே காய் படீரென்று வெடிக்கும். புள்ளியிட்ட பழுப்பு வித்துகள் சருகின்மேல் விழுந்து சிதறும். சிறுவர்கள் சிலவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள். எஞ்சியவை மண்ணோடு மக்கிப்போகும். 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளோடு இந்நாட்டில் தொடங்கிய பயிர் இது. பாலுக்காகவே இதனை வளர்த்தோம். வித்தைப் பெரும்பாலோர் பொருட்படுத்தியதில்லை.

2022ஆம் ஆண்டு வந்த தட்டுப்பாடு பலரை வேறு விதமாக எண்ணவைத்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிற்று. அந்நாட்களில், உரமும் விறகும் ஏற்றும் லாண்ட்மாஸ்டர் ஓட்டுகின்ற தோட்டத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, இறப்பர்க் கொட்டையில டீசல் எடுக்கலாமாமே? லயத்துலயே செஞ்சுக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பேதைமை ஒன்றுமில்லை. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடந்த பொருட்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இறப்பர் வித்தின் பருப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு எண்ணெய் உண்டு. அதிலிருந்து உயிரி டீசல் செய்யும் முறையைக் கேரளத்துக் கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இளைஞரின் முதற் கேள்விக்கு 'ஆம்' என்றேன். இரண்டாம் கேள்விக்கு 'கூடவே கூடாது' என்றேன். அதற்குக் காரணம் என்ன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டி எடுத்த வித்தெண்ணெய் தடிப்பானது. அப்படியே ஊற்றினால் நாளடைவில் எந்திரத்தை அடைத்துவிடும். அதனை மெலிவிப்பதற்கு மெதனோல் என்னும் திரவத்தையும், எரிசோடா போன்ற காரத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். இறப்பர் வித்தெண்ணெயோ புளிப்பு மிகுந்தது. காரத்தை நேரே சேர்த்தால் சவர்க்காரமாகத் திரைந்துவிடும். எனவே முதலில் கந்தக அமிலமும் மெதனோலும் கலந்து ஒரு முறை சூடாக்கி, அதன் பின்னரே காரத்திற்கு வர வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு ஒரு முறை போதுமென்றால் இதற்கு இரண்டு முறை. மெதனோலும் அதற்கேற்ப அதிகம்.

ஆபத்து முழுவதும் இந்த மெதனோலைச் சுற்றியே இருக்கிறது. எரிபொருள் எதுவாயினும், எரிவது திரவமன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழுகின்ற வெப்பநிலை ஒவ்வொரு திரவத்திற்கும் வேறுபடும். டீசலுக்கு அது 50 பாகை செல்சியசுக்கு மேல். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 40. நன்றாகச் செய்து கழுவிய உயிரி டீசலுக்கு 100 பாகைக்கும் மேல். அவ்வகையில் அது டீசலைக் காட்டிலும் சாதுவானது. மெதனோலுக்கோ வெறும் 11 பாகை! இரத்தினபுரியில் மார்கழி மழை இரவிலும் அவ்வளவு குளிர்ச்சி வாராது. எனவே மூடி திறந்த மெதனோல் கலன் எந்த நேரமும் தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனி, லயத்து அறையை எண்ணிப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி அளவிலான அறை. ஒரு மூலையில் விறகடுப்பு, சுவரில் சாமி படத்தின் முன்னே விளக்கு. மெதனோலின் ஆவி காற்றைவிடச் சற்றுக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி அடுப்பைத் தேடிப் போகும். வேலை செய்கிறவர் கலனருகே நெருப்பு வைக்காமலிருந்தாலும், ஆவி நெருப்பிடம் சென்றுவிட்டால் அங்கிருந்து தீ கலனுக்கே திரும்பி ஓடிவரும். மேலும் லயத்தில் பல வீடுகளுக்கு ஒரே கூரை. ஒருவர் வீட்டில் எழுந்த தீ, கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெளியாகச் சென்று, உறங்கிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டாரை அடையும். தீயணைப்பு வண்டி பட்டணத்திலிருந்து மலைப்பாதை ஏறி வந்து சேர நெடுநேரம் ஆகும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மெதனோலின் சுடர் மங்கிய நீல நிறமானது. பட்டப்பகலில் கண்ணுக்கே புலப்படாது. கை எரிந்த பிறகே தீயென்று தெரியவரும். முன்னாளில் மரத்தைக் காய்ச்சி வடித்ததால் இதற்கு 'மரச் சாராயம்' என்ற பெயருமுண்டு. அந்தப் பெயரை நம்பி எவரேனும் வாயில் வைத்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும். சோடாப் போத்தலில் இதனை ஊற்றி வைக்கும் பழக்கத்தை எந்த வீட்டிலும் அனுமதிக்கலாகாது.

போத்தல் என்றதும் இந்நாட்டவர் ஒருவர் செய்த தொண்டு நினைவுக்கு வருகிறது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு உருண்டு கவிழ்ந்து தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களில் குட்டையும் கனமுமான கண்ணாடி விளக்கு ஒன்றை வகுத்தார். உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. 1998ஆம் ஆண்டில் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 'கவனமாக இருங்கள்' என்று நோயாளிகளுக்கு உபதேசம் செய்வதோடு அவர் நின்றுவிடவில்லை. கவனம் தவறினாலும் தீ பரவாதபடி பொருளையே மாற்றினார். அதனால்தான் அவர் வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

உயிரி டீசல் செய்ய முனைவோரும் அவ்வாறே இடத்தையும் கருவியையும் முதலில் மாற்ற வேண்டும். வேலை, குடியிருப்புக்கு எட்ட, நாற்புறமும் காற்றோடும் கொட்டிலில் நடக்க வேண்டும். கலவையை 60 பாகையளவில் வைத்திருக்க வேண்டும். மெதனோலோ 65 பாகையில் கொதித்துவிடும். இந்த நூலிழை இடைவெளியை விறகடுப்பின்மேல் காப்பது எவராலும் இயலாது. வேறிடத்தில் காய்ச்சிய வெந்நீரைக் கொண்டுவந்து, அதனுள் பாத்திரத்தை வைத்தே சூடேற்ற வேண்டும். எரிசோடாவை மெதனோலில் கரைக்கும்போது அது தானாகவே சூடேறும். ஆகையால் இறுக மூடிய போத்தலில் கரைக்கலாகாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. காரம் அதனை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவை எழுப்பும்.

முடிந்த எரிபொருளில் சிறிதளவு மெதனோல் தங்கிவிட்டாலும், நான் மேலே சொன்ன சாதுத்தன்மை போய்விடும். கழுவாத டீசலை டீசல் என்று நம்பி அறைக்குள் வைப்பதும் மெதனோலை வைப்பதும் ஏறத்தாழ ஒன்றே. அடியில் தங்கும் கிளிசரினிலும் மெதனோல் கலந்திருக்கும். சவர்க்காரம் காய்ச்சலாமென்று அதனை அடுப்பிலேற்றுவது பெரும் பிழை. வேடிக்கை என்னவென்றால், இறப்பர் மரத்திலிருந்து வந்த இந்த எரிபொருள் இறப்பர்க் குழாயையே இளக்கிக் கெடுக்கும். பழைய குழாயைக் கலனில் பொருத்தினால் சில மாதங்களில் ஒழுக்கு உண்டாகும்.

எண்ணெய் துடைத்த பழந்துணியையும் மறந்துவிடக் கூடாது. இறப்பர் வித்தெண்ணெய் காற்றில் மெல்ல உலர்ந்து படலமாகும் இனம். உலரும்போது வெப்பம் பிறக்கும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எவரும் தீ வைக்காமலே அவை புகைந்து எரியக்கூடும். தண்ணீர் நிறைந்த தகரத்தில் போட்டுவைப்பதே தக்கது.

தீ பற்றிவிட்டால், எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எண்ணெய் சிதறித் தீ பரவும். மணலை வாரிப் போட வேண்டும். காயம் பட்ட இடத்தில் பற்பசையோ எண்ணெயோ தடவாமல், குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பின்னர் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் 'சுவசெரிய' இலவச நோயாளர் வண்டி வரும்.

அந்த இளைஞர் மறுவாரம் மீண்டும் வந்தார். தோட்டத்து மேட்டில் பழைய இறப்பர்ப் புகைக்கூடம் ஒன்று வெறுமையாய்க் கிடக்கிறது, லயத்துக்கு வெகு தூரம், அங்கே செய்யலாமா என்று கேட்டார். தூரம் சரிதான். ஆனால் புகையைச் சிறைப்படுத்தவென்றே கட்டிய கட்டடம், மெதனோலின் ஆவியையும் அப்படியே சிறைப்படுத்தும். தோட்டத்துரையிடம் கேட்டு இரண்டு பக்கச் சுவரை இடித்துவிட முடியுமானால் வந்து சொல்லுங்கள், பிறகு பேசலாம் என்றேன்.