செக்கனுக்கு 61 சென்ரிமீற்றர் பற்றாக்குறை

சோளகம் எழும்பிவிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையில் குடை பிடிக்க ஏலாது. நெடுந்தீவுப் படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அலையில் அடிபட்டுத்தான் கரை சேரும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம், கார்த்திகையிலிருந்து மாசிவரை வாடை. தீவகத்தில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. மலைச்சரிவுகளில் செய்வதுபோல, இயந்திரமில்லாத கிளைடரை இந்தக் காற்றிலும் மணிக்கணக்காக மிதக்கவிடலாமா என்று இளைஞர் கேட்பது நியாயமான ஆசை. அதற்குக் கணக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் செலவு. பல நாடுகளில் பயிற்சிக்குப் பாவிக்கும் ஏ.எஸ்.கே. 21 கிளைடரில் இருவர் இருக்கலாம். இறக்கை 17 மீற்றர், உச்ச எடை 600 கிலோ. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அது அசையாத காற்றில் செக்கனுக்கு 65 சென்ரிமீற்றர் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இறக்கத்தை ஈடுசெய்ய 3.8 கிலோவாட் வேண்டும். 5 குதிரைவலு என்று வையுங்கள். தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சிறிய மெசின் இரண்டின் வலு. இவ்வளவையும் காற்று இலவசமாகத் தரும், ஆனால் மேல்நோக்கி ஏறும் காற்றாக இருக்க வேண்டும்.

இனி வரவு. சரிவில் மோதும் காற்று சரிவோடு ஏறும். காற்றின் வேகத்தைச் சரிவால் பெருக்கினால் ஏற்றம் வரும். காற்று செக்கனுக்கு 8 மீற்றர், அதாவது மணிக்கு 29 கிலோமீற்றர் என்று எடுப்போம். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், முழுக்கத் தட்டை. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே போவதற்குள் நிலம் 5 மீற்றர் உயர்வதாகத் தாராளமாகவே வைத்தாலும், கிடைக்கும் ஏற்றம் 4 சென்ரிமீற்றர். தேவை 65. குறை 61. நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் இதே நிலைதான்.

நெடுந்தீவு வளவுகளைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள் உண்டு. காற்றுப் பக்கமாக நின்று ஒரு பிடி காய்ந்த புல்லைக் கைவிட்டால், வேலியை அண்டியதும் அது மேலெழும்பித் தாண்டும். சரிவேற்றம் என்பது இதுவேதான், அளவுதான் சிறிது. தும்பிக்கு அது போதும். கிளைடருக்குப் போதாது: மணிக்கு 90 கிலோமீற்றரில் 45 பாகை சரிந்து திரும்பினாலும் அதன் வட்டம் 128 மீற்றர் அகலம். வேலியின் ஏற்றம் சில மீற்றரிலேயே முடிந்துவிடும். 20 மீற்றர் உயரப் பனை நிரையை எடுத்தாலும் பலன் அதிகம் மாறாது.

வின்ச் கயிற்றால் 300 மீற்றருக்கு இழுத்து ஏற்றினால்? 300 மீற்றரை 65 சென்ரிமீற்றரால் வகுத்தால் ஏறத்தாழ 7 நிமிடம் 40 செக்கன். பிறகு தரை.

இவ்வளவு காற்றிருந்தும் இந்த நிலை ஏன்? கிளைடர் காற்றோடு சேர்ந்து நகர்கிறது. கிடையாக வீசும் காற்று அதை இடம் மாற்றும், தூக்காது. தரையோடு கட்டுண்டவற்றுக்குத்தான் அந்தக் காற்றிலிருந்து வலு கிடைக்கும். வாடைக்கு ஏற்றும் கொக்குப் பட்டத்தைப் பாருங்கள். முச்சை சரியாகக் கட்டி நூலை இறுக்கிப் பிடித்தால் விண் கூவக் கூவ இரவு முழுக்க நிற்கும். நூல் அறுந்த கணமே சரியத் தொடங்கும். காற்றாலையும் அப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் வகுத்த கலப்பு மின்திட்டத்தில் காற்றாலையின் பங்கு 530 கிலோவாட், சூரிய ஒளியின் பங்கு 1,700 கிலோவாட். அந்த 530-ஐ 3.8-ஆல் வகுத்தால் 139 கிளைடர்களைத் தாங்கும் வலு. தீவகத்துக் காற்றை வரவு வைக்கத் தகுந்த இடம் அதுவே என்பது என் முடிவு.

பறக்கத்தான் வேண்டுமென்றால் காற்றை மேலே திருப்பும் மேடு தேவை. அது மலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மணலும் போதும். 1911 ஒக்ரோபர் 24 அன்று, அமெரிக்காவின் கில் டெவில் மணற்குன்றில் ஓர்வில் ரைட் பலத்த காற்றில் இயந்திரமில்லாமல் 9 நிமிடம் 45 செக்கன் நின்றார். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அதை எவராலும் விஞ்ச முடியவில்லை. 1924 மே 11 அன்று, கிழக்குப் பிரஷ்யாவின் ரொசிற்றன் மணல்மேட்டில் பேர்டினண்ட் சூல்ட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் 8 மணி 42 நிமிடம் பறந்தார். கிளைடர் அவரே கட்டியது. திருப்பும் பிடிகளுக்கு விளக்குமாற்றுத் தடிகளைப் போட்டிருந்தார். அந்தக் கரையின் பெரிய மேடுகள் 60 மீற்றர் அளவில் எழும்பும். மூன்றுக்கு ஒன்று சரிவென்றால், நம் 8 மீற்றர் காற்று மணலை ஒட்டி 2.7 மீற்றர் ஏறும். மேலே போகப் போகக் குறைந்து பாதியானாலும் 65 சென்ரிமீற்றரின் இரு மடங்கு இருக்கும். எங்கள் குடாநாட்டில் மணற்காட்டு மேடுகள் பழைய அந்தோனியார் தேவாலயத்தையே மூடியவை. இருந்தும் அந்த உயரத்துக்குக் கிட்டவும் வராது. பராகிளைடர் துணியைத் தரையில் நின்று விரித்துப் பழக மட்டும் அவ்விடம் உதவும்.

ஆகவே மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, முகம் எந்தத் திசை என்று பார்க்க வேண்டும். நேராக மோதும் காற்று முழுவதும் வரவு. 30 பாகை விலகினால் 87 வீதம், 60 பாகை விலகினால் பாதி. ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்து, முகம் தெற்கு. தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்தில் அதற்கு 71 வீதம்தான் கிடைக்கும். அத்துடன் அது தேசியப் பூங்கா, கீழே காடும் தேயிலையும். வாடைக்கு நக்கிள்ஸ் தொடரின் வடகிழக்கு முகங்களைப் பார்க்கலாம். ஆனால் மார்கழியில் முகில் சரிவையே மூடிவிடும். மழை ஓய்ந்த மாசிக்காகக் காத்திருப்பது மேல்.

மலையின் மறுபக்கத்தைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டும். ஆனி, ஆடியில் மத்திய மலைகளைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று மட்டக்களப்பைச் சுடும். அப்படி இறங்கும் காற்று செக்கனுக்கு 2 மீற்றர் என்றால், கிளைடரின் 65 சென்ரிமீற்றரும் சேர்ந்து 2.65. அங்கே 300 மீற்றர் உயரம் 113 செக்கனில் தீர்ந்துவிடும். தடையில்லாத 300 மீற்றர் வெளியாவது அதற்குள் எட்ட வேண்டும். அந்த வெளியை முதல் நாளே கால்நடையாகப் போய், மின்கம்பியும் கல்லும் வரம்பும் எங்கே என்று பார்த்து வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.